எந்த முறிப்பு? வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை வழியோரக் கதைகள்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். ஆடி விடுமுறைக்குப் பிள்ளைகளோடும் மாமியோடும் ஊருக்கு வருகிறீர்கள். வவுனியாவில் வான் பிடித்து ஏ9 வீதியால் மாங்குளம், அங்கிருந்து கிழக்கே திரும்பி முல்லைத்தீவு, பிறகு பரந்தன் வழியாகக் கிளிநொச்சி என்று ஒரு சுற்று. வழியில் இருக்கிற சின்னச் சின்ன ஊர்களின் கதை வேண்டும். தேடிப் பார்த்தால் போரும் தங்குமிடமும் தவிர வேறொன்றும் வரவில்லை என்கிறீர்கள். கூடவே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "எங்கட அம்மம்மா தன்ர ஊர் முறிப்பு எண்டு மட்டும் சொல்லுவா, அது எங்க இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அந்த வரிக்காகத்தான் நீட்டி எழுதுகிறேன். நான் முள்ளியவளைப் பக்கத்தில் பிறந்தவன். முப்பது வருடத்துக்கு மேல் குளக்கட்டும் வாய்க்காலுமாக நீர்ப்பாசன வேலையில் அலைந்தவன். வன்னியில் பழைய கோட்டை கொத்தளம் பெரிதாக நிற்காது. அரண்மனை இல்லை. இருந்ததையும் காடு தின்றுவிட்டது. ஆனால் ஊர்ப்பெயர்கள் அப்படியே நிற்கின்றன. வீதியோரப் பெயர்ப்பலகையைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால், அந்த ஊரில் என்ன நடந்தது என்பதில் பாதியைப் பலகையே சொல்லிவிடும்.

கொஞ்சம் சொல் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குளம் உங்களுக்குத் தெரியும். மடு என்றால் ஆற்றிலோ ஓடையிலோ ஆழமான இடம், கோடையிலும் தண்ணீர் நிற்கும். மோட்டை என்றால் கட்டுப் போடாத இயற்கைப் பள்ளம், மாடும் மானும் தண்ணீர் குடிக்கிற சின்னக் குட்டை. பிட்டி மேட்டு நிலம், தாழ்வு பள்ள நிலம். கட்டு என்றால் மனிதன் மண் போட்டு மறித்தது. முறிப்பு என்றால் அந்தக் கட்டு முறிந்தது, உடைந்த குளம்.

இந்தக் கடைசிச் சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். வன்னிக் குளங்கள் தனித்தனியாக இல்லை. மேலே ஒரு குளம் நிரம்பி வான் பாய்ந்தால், அதாவது மிகைநீர் வழிந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்கு வரும், அது நிரம்பினால் அதற்கடுத்ததுக்கு. மேல் குளத்தின் கட்டு ஒரு மாரியில் உடைந்தால், வருகிற வெள்ளத்தைக் கீழ்க் குளம் தாங்காது, அதுவும் உடையும். கட்டு உடைந்த ஊரில் அடுத்த காலபோகம், அதாவது மாரி நெற்செய்கை, இல்லை. வயல் பற்றையாகும். பழைய காலத்தில் அதோடு மலேரியாவும் சேர்ந்துகொள்ளும். சனம் சாமான் சட்டியைக் கட்டிக்கொண்டு வேறு குளத்தடிக்குப் போய்விடும். ஊர் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கும்: முறிப்பு. பிறகு ஒரு தலைமுறை கழித்து யாரோ வந்து கட்டைத் திருத்தி, திரும்பக் குடியேறி, அதே பெயரில் வாழ்வார்கள். ஆக "எங்கட ஊர் முறிப்பு" என்று அம்மம்மா சொன்னது வெறும் பெயரில்லை. அது ஒரு வெள்ளத்தின் ஞாபகம்.

இனி வழிக்கு வருவோம்.

வவுனியா நகரத்துக்கு வெள்ளைக்காரர் காலத்துப் பதிவுகளில் வவுனியன் விளாங்குளம் என்று பெயர். விளாமரம் நின்ற குளம். கச்சேரியடியில், அதாவது மாவட்டச் செயலகத்தடியில், ஆங்கிலேயரை எதிர்த்த பண்டாரவன்னியனின் சிலை நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதை இப்போதே காட்டிவையுங்கள், அவருடைய கதை பின்னேரம் வேறோர் இடத்தில் வரும். நகரம் தாண்டியதும் தாண்டிக்குளம், நொச்சிமோட்டை, பன்றிக்கெய்தகுளம் என்று பலகைகள் வரிசையாக வரும். மூன்றாவதைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். பன்றிக்கு எய்த குளம். யாரோ ஒருவன் அந்தக் குளத்தடியில் பன்றியை நோக்கி அம்பு விட்டான். அவன் பெயர் போய்விட்டது, பன்றி தப்பியதா என்பதும் தெரியாது, ஆனால் எய்தது மட்டும் இன்றைக்கும் பச்சைப் பலகையில் நிற்கிறது.

ஓமந்தை வந்ததும் மாமிக்கு வேறு ஞாபகம் வரும், பேச விடுங்கள். 2002 பெப்ரவரியில் ஏ9 திறந்தபோது அரசாங்கப் பக்கத்துச் சோதனைச்சாவடி இங்கேதான், மற்றப் பக்கமான புலிகளின் சாவடி புளியங்குளத்தில். நடுவே கொஞ்சத் தூரம் யாருக்கும் சொந்தமில்லாத வீதி. பொதியை இறக்கி, பிரித்துக் காட்டி, திரும்பக் கட்டி, பஸ் மாறி. 2006 ஆகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. இந்த வீதியில் போன எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் ஓமந்தை என்பது வரிசை.

புளியங்குளத்துக்குக் கிட்ட, காட்டுக்குள் புதூர் நாகதம்பிரான் கோயில். வன்னியில் நாகதம்பிரானுக்கு இருக்கிற இடம் தனி. வெட்டைக்குள்ளும் புல்லுக்குள்ளும் வெறுங்காலோடு நடந்து பிழைத்த சனம். பாம்பு கடிக்காமல் இருக்க நேர்த்தி, கடித்துப் பிழைத்தால் நேர்த்திக்கடன். கிளிநொச்சிப் பக்கம் புளியம்பொக்கணை நாகதம்பிரானும் இதே மாதிரித்தான், பங்குனியில் பொங்கல். ஊரே கூடும்.

கனகராயன்குளம் சின்னச் சந்தி, கடை நாலு இருக்கும், தேத்தண்ணி குடிக்கலாம். ஆனால் அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கனகராயன் ஆறுதான் வடக்கே ஓடி இரணைமடுவை நிரப்புகிறது. திரும்பி வரும்போது அந்தத் தண்ணீரைப் பார்ப்பீர்கள்.

இந்த வழி நெடுகத் தண்டவாளமும் கூடவே வரும். வடக்குக்கு ரயில் 1905இல் வந்தது. புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று காட்டு நடுவே ஸ்டேஷன் போட்ட பிறகுதான் இந்த ஊர்கள் சந்திகளாக வளர்ந்தன. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது, 1990இல் நின்றது. நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குக் கூரையாகப் போயின. பாதை இருந்த இடத்தில் மண்மேடு மட்டும் கிடந்தது, அதில் மாடு நடந்தது. புதுப் பாதை போட்டு, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்ப வந்தது. கிளிநொச்சிக்கு ரயில் வந்த நாட்களில் கையில் பிள்ளையைத் தூக்கிக் காட்டிய தாய்மார் பலர், தாங்களே அதுவரை ரயில் பார்க்காதவர்கள்.

மாங்குளத்தில் வலது கைப்பக்கம் திரும்பினால் ஏ34. முல்லைத்தீவு வரை ஏறத்தாழ ஐம்பது கி.மீ. இந்த வீதியை ஓடித் தள்ளாதீர்கள். உங்கள் பயணத்தில் கதை அடர்ந்த பகுதி இதுதான். ஆடியில் காடு காய்ந்து நிற்கும், பாலைமரங்களில் பழம் இருந்தாலும் இருக்கும். மஞ்சள் நிறம், தேன் போல் இனிப்பு, வாயில் பால் ஒட்டும். வீதியோரம் யாராவது கொண்டுவந்து விற்றால் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தாங்களே பிடுங்கக் காட்டுக்குள் இறங்க விடாதீர்கள். கண்ணிவெடி பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள் என்றாலும், சிவப்புப் பலகை கண்ட இடத்தில் வீதியை விட்டு ஓரடியும் வைக்கக் கூடாது.

ஒலுமடு தாண்டிக் கரிப்பட்டமுறிப்பு வரும். ஒரு முறிப்பு. பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அடுத்தது ஒட்டுசுட்டான். இந்தப் பெயரை வெளியூர்க்காரர் எத்தனையோ விதமாகக் குழப்பிக்கொள்வார்கள். விஷயம் எளிது. சேனையில், அதாவது காடு வெட்டி எரித்துச் செய்கிற நிலத்தில், குரக்கன் போட்டால், கதிரை மட்டும் கொய்வார்கள். மிச்சம் நிற்கிற தாளுக்கு ஒட்டு என்று பெயர். அடுத்த பயிருக்கு முன் அந்த ஒட்டைச் சுட்டு நிலத்தை வெளியாக்குவார்கள். அப்படி ஒரு கமக்காரன் ஒட்டுச் சுட்டபோது, முழுச் சேனையும் எரிந்தும் ஓரிடம் மட்டும் எரியாமல் பச்சையாக நின்றதாம். என்னடா இது என்று மண்வெட்டியால் வெட்ட, இரத்தம் பாய்ந்ததாம். தோண்டிப் பார்த்தால் லிங்கம். அதுதான் தான்தோன்றீஸ்வரர் கோயில். அந்த ஈஸ்வரருக்கே வேகாவனேஸ்வரர் என்றும் பெயர். வேகாத வனம், எரியாத காடு. ஊர்ப்பெயர் சுட்டதைச் சொல்கிறது, சாமியின் பெயர் சுடாமல் விட்டதைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் கதை முழுமை.

எங்கள் அப்பு இந்தக் கதையைச் சொல்லும்போது வேறொன்றையும் சேர்த்துச் சொல்வார். சேனைக்கு நெருப்பு வைக்கிறவன் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். ஒரு பிடி மண்ணைத் தூவி அது எந்தப் பக்கம் போகுதென்று பார்த்து, அந்தப் பக்கத்தில் இரண்டு பாகம் அகலத்துக்குச் செருக்கி வெளியாக்கி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பந்தத்தைத் தாழ்த்துவார்கள். நான் சின்னப் பெடியனாக அவருக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருக்கிறேன். முயலும் உடும்பும் புகைக்குள்ளிருந்து எங்கள் காலடியால் ஓடும். எரியாத இடத்தில் சாமி இருந்தது என்ற கதை எப்படிப் பிறந்தது என்பது அந்தப் புகைக்குள் நின்றவனுக்குச் சட்டென்று விளங்கும். எரித்து வாழ்கிற சனம், எரியாததைக் கும்பிட்டது.

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடு. காலையில் வவுனியாவில் பார்த்த சிலை ஞாபகம் இருக்கிறதல்லவா, அந்த மனிதர் கடைசியாகத் தோற்ற இடம் இதுதான்.

இந்தக் கதையைப் பலர் துண்டாகச் சொல்வதால், முன்பின் சேர்த்துச் சொல்கிறேன். வன்னி என்பது ஓர் இராச்சியம் மாதிரி இருக்கவில்லை. பனங்காமம், கரிகட்டுமூலை, முள்ளியவளை, மேல்பற்று, தென்னமரவாடி என்று பிரிந்த வன்னிமைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வன்னியன். ஒல்லாந்தர் இவர்களிடம் திறையாக யானை கேட்டார்கள். யானை சில ஆண்டுகள் போகும், சில ஆண்டுகள் போகாது. பொறுமையிழந்து 1782இல் படை அனுப்பி அடக்கினார்கள். ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்த பிறகு, 1803 ஜூனில் கண்டியில் ஆங்கிலேயக் காவல் படை அழிந்தது. ஆகஸ்டில் நாட்டின் பல பக்கங்களிலும் அவர்களின் காவலரண்களுக்கு அடி விழுந்தது. அதே மாதம் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். அங்கே பொறுப்பாக இருந்த கப்டன் வொன் டிறிபேர்க் தன் ஆட்களோடு கடல் வழியாக யாழ்ப்பாணம் தப்பினார். கோட்டைப் பீரங்கிகள் வன்னியர் கைக்கு வந்தன.

ஆங்கிலேயர் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை வந்தது. ஒக்டோபர் 31 விடியற்காலை, அதே டிறிபேர்க் கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் ஆட்களை நித்திரைப் பாயில் வைத்துச் சுற்றி வளைத்தார். பிற்காலத்தில் அங்கே ஒரு கல் நட்டார்கள். "இவ்விடத்துக்கு அருகில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார்" என்று, தேதியோடு, ஆங்கிலத்தில். வென்றவன் நட்ட கல். ஆனால் அந்தக் கல்லைக் காத்தது தோற்றவனின் ஊர். போருக்குப் பிறகு 2010இல் அது உடைக்கப்பட்டபோது ஊர்ச் சனம் பட்ட கவலையை நான் நேரே கண்டேன். எதிரி எழுதியதென்றாலும், எங்கள் ஆள் இங்கே நின்றார் என்பதற்கு அவர்களிடம் இருந்த சாட்சி அதுதான்.

கல்லின் சொல்லைக் கவனியுங்கள். தோற்கடித்தார் என்றுதான் இருந்தது, கொன்றார் என்றில்லை. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அவர் காட்டில் நின்று வெள்ளைக்காரருக்குத் தலையிடி கொடுத்தார் என்று எழுதியவர்கள் உண்டு. காக்கை வன்னியன் என்ற இன்னொரு வன்னியன் காட்டிக் கொடுத்தான், பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சியாரைப் பெண் கேட்டுக் கிடைக்காத கோபத்தில் செய்தான் என்று மாமி சொல்லக்கூடும். அது நாட்டுக்கூத்தும் மேடை நாடகமும் வளர்த்த கதை. இரவிரவாக இருந்து பார்த்து நானும் அழுதிருக்கிறேன். ஆனால் பிள்ளைகளிடம் சொல்லும்போது, கோட்டை பிடித்தது வரலாறு, காக்கை வன்னியன் கதை என்று பிரித்துச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் இப்போது நினைவுநாள் எடுப்பது ஆகஸ்ட் 25ஐ, அதாவது வென்ற நாளை. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

தண்ணீரூற்றும் முள்ளியவளையும் ஒட்டிப் பிறந்த ஊர்கள், எது எங்கே முடிகிறதென்று அங்கே பிறந்த எனக்கே சொல்ல முடியாது. தண்ணீரூற்றில் உண்மையாகவே ஊற்று இருக்கிறது, ஊற்றங்கரையில் பிள்ளையார் இருக்கிறார். சுற்றவர எல்லாம் குளத்தையும் மழையையும் பார்த்துக்கொண்டிருக்க, நிலத்துக்கடியிலிருந்து தானாகத் தண்ணீர் வருகிற ஓர் இடம். முள்ளியவளை கூத்துக்குப் பெயர் போன ஊர். இங்கத்து ஆட்ட மெட்டுக்கு முல்லைமோடி என்று பெயர், கோவலன் கூத்து அதில்தான் ஆடப்படுகிறது. கோவலன் ஏன் இந்தக் காட்டுக்குள் வந்தான் என்று கேட்பீர்கள். இரண்டு மூன்று கி.மீ. தள்ளிப் போனால் விடை இருக்கிறது.

வற்றாப்பளை. நந்திக்கடல் கரையில் கண்ணகை அம்மன். மதுரையை எரித்த பிறகு கண்ணகி கோபம் ஆறாமல் கடல் கடந்து ஈழத்துக்கு வந்தாள், ஒவ்வோரிடமாகத் தங்கித் தங்கி வந்தாள், பத்தாவதாகத் தங்கிய இடம் இது, பத்தாம் பளைதான் வற்றாப்பளை ஆனது என்பது ஊர் வழக்கு. வந்தவள் கிழவி வேடத்தில் வந்தாள். நந்திக்கடல் வெளியில் மாடு மேய்த்த சிறுவர்கள் கண்டார்கள். பசிக்குது என்றாள், புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். இருக்க இடம் கேட்டாள், குழை வெட்டிக் கொட்டில் போட்டார்கள். பொழுது பட்டது. விளக்கு வைக்க எண்ணெய் இல்லையே ஆச்சி என்றார்கள். கடல் தண்ணீரை அள்ளி ஊற்றி எரியுங்கோ என்றாள். எரிந்தது. பிறகு, தலை கடிக்குது, பேன் பாருங்கோ பிள்ளையள் என்றாள். மயிரைப் பிரித்தால் தலை முழுக்கக் கண். ஆயிரம் கண். சிறுவர்கள் வெருண்டு நிற்க, வைகாசித் திங்களில் வருவேன் என்று சொல்லி மறைந்துவிட்டாள்.

இது கதையாக மட்டும் நின்றிருந்தால் நான் இத்தனை சொல்ல மாட்டேன். ஆண்டுதோறும் நடக்கிறது. வைகாசியில் பாக்குத் தெண்டல் என்ற சடங்கோடு பொங்கல் காரியம் தொடங்கும். பிறகு சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுப்பார்கள். அந்தக் கடல் நீர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்கு வரும். அங்கே அதில் விளக்கு ஏற்றுவார்கள், எண்ணெய் இல்லாமல், ஒரு கிழமைக்கு. ஞாயிற்றுக்கிழமை காட்டா விநாயகருக்குப் பொங்கி, திங்கட்கிழமை மடைப்பண்டம், அதாவது படையல் சாமான், எடுத்துக்கொண்டு வற்றாப்பளைக்கு நடப்பார்கள். அன்றிரவு வன்னி முழுவதும் அங்கே நிற்கும். மன்னார், திருகோணமலை, யாழ்ப்பாணம் எங்கிருந்தும் வரும்.

நான் முதன்முதல் அந்த விளக்கைக் கிட்ட நின்று பார்த்தபோது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. என்ர அம்மம்மா இடுப்பில் கைபோட்டுத் தூக்கிக் காட்டினா. மண் பாத்திரம், அதில் தண்ணீர், துணித் திரி. சுடர் சாதாரண விளக்கைப் போலத்தான் நின்றது. நான் எதிர்பார்த்த மாதிரி நீலமும் இல்லை, வெடிக்கவும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "எரியுது, வேறென்ன வேணும் உனக்கு?" என்று அம்மம்மா காதுக்குள் சொன்னா. அவவின் கண் அந்தச் சுடரிலேயே இருந்தது.

நீங்கள் ஆடியில் வருவதால் பொங்கல் முடிந்திருக்கும். பரவாயில்லை. பின்னேரம் நாலு மணிக்குக் கோயிலுக்குப் போய், பிறகு நந்திக்கடல் பக்கம் நடந்து போய் நில்லுங்கள். இறால் வலைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். அதே வெளிதான், அதே தண்ணீர்தான்.

நேரமிருந்தால் குமுழமுனைக்கு ஒரு நடை. வழி விலகிப் போக வேண்டும், ஆனால் உங்கள் மகளுக்காகப் போகலாம். குமுழமுனை யானை பிடிக்கிற பணிக்கர்களின் ஊர். தோல்வார்க் கயிற்றோடு காட்டுக்குள் போய், யானையின் பின்னங்காலில் சுருக்குப் போட்டு மரத்தோடு கட்டுகிற வித்தை. அந்த ஊரில் வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை. ஆண்கள் எவராலும் கிட்டப் போக முடியாத ஒரு கொம்பன் யானையை அவள் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள் என்பது கதை. ஊர் வாழ்த்தியது. பொறாமைப்பட்டவர்கள் வெற்றிலையில் நஞ்சு வைத்துக் கொடுத்தார்கள். அவள் சாவைப் பாடுகிற ஒப்பாரிப் பாட்டு வயல்வெளிகளிலும் செத்த வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டது. எங்கள் பக்கத்தில் வீரம் என்று பேச்சு வந்தால் பண்டாரவன்னியனுக்கு முன்னால் கிழவிகள் சொல்வது அரியாத்தையைத்தான்.

முல்லைத்தீவு நகரத்தில் பழைய கோட்டையைத் தேடாதீர்கள், பார்க்க எதுவும் இல்லை. கடற்கரைக்குப் போங்கள். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி இந்தக் கரையை மூடியது. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் போனார்கள், பெரும்பங்கு மீனவக் குடும்பங்கள். அங்கிருந்து பரந்தன் வீதியில் ஏறியதும் வட்டுவாகல். தண்ணீரை ஒட்டிக் கிடக்கிற பழைய ஒடுக்கப் பாலத்தை எங்கள் சனம் மறக்காது. 2009 மே மாதம் பல்லாயிரக்கணக்கான சனம் இந்தத் தண்ணீரைக் கடந்துதான் வெளியே வந்தது. அடுத்தது முள்ளிவாய்க்கால். இங்கே நான் கதை சொல்லப் போவதில்லை. வானை நிறுத்தி இறங்குங்கள். மே 18இல் இங்கே காய்ச்சிக் கொடுக்கிற கஞ்சியில் அரிசியும் தண்ணீரும் உப்பும்தான் இருக்கும், ஏனென்றால் அந்தக் கடைசி நாட்களில் அதுதான் இருந்தது. பிள்ளைகள் கேட்டால் அதை மட்டும் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு, உடையார்கட்டு, விசுவமடு, தர்மபுரம். பெயர்களிலேயே தெரியும், இவற்றில் பல பிறகு வந்து குடியேறியவர்கள் வைத்த பெயர்கள். கச்சானும் மரக்கறியும் விளைகிற மண். நிற்க வேண்டியதில்லை.

பரந்தன் சந்தியில் வடக்கே திரும்பிப் பத்துக் கி.மீ. அளவு போனால் ஆனையிறவு. ஒரு காலத்தில் வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இந்த ஆழமில்லாத களப்பு வழியாகத்தான் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே ஏலம் போட்டுக் கப்பலில் ஏற்றினார்கள். குமுழமுனைப் பணிக்கன் கட்டிய யானைக்கும், ஒல்லாந்தன் கேட்ட திறைக்கும் வழி இதுதான். வெயிலில் உப்பளம் வெள்ளையாகத் தெரியும். பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அந்த உப்பிலிருந்துதான் கோஸ்டிக் சோடா எடுத்தார்கள்.

கிளிநொச்சி பழைய ஊரில்லை. நொச்சிப் பற்றையும் கிளியும் இருந்த இடம். 1936இல் யாழ்ப்பாணத்தில் காணியில்லாதவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய திட்டத்தோடு பிறந்த நகரம். மாவட்டமானது 1984இல்தான். அதற்கு முன் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. இந்த நகரத்தை உண்டாக்கியது இரணைமடுக் குளம். 1902இல் வேலை தொடங்கி, ஏறத்தாழ இருபது வருடம் இழுத்து 1920களில் முடிந்தது. பிறகு பலமுறை கட்டை உயர்த்தினார்கள். பெயரைப் பாருங்கள். எங்கள் பேச்சில் இரட்டைப் பிள்ளைகளை இரணைப் பிள்ளைகள் என்போம். இரண்டு மடு சேர்ந்து கிடந்த இடம், அதனால் இரணைமடு. சந்தேகமென்றால் பூநகரிக்கு அப்பால் கடலுக்குள் இரணைதீவு இருக்கிறது, அது இரண்டு தீவு. கட்டில் ஏறி நின்றால் கனகாம்பிகை அம்மன் ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம். காலையில் தேத்தண்ணி குடித்த கனகராயன்குளத்துப் பெயர் கொண்ட ஆறு வந்து சேருமிடம். ஆடியில் நீர் வற்றித்தான் இருக்கும். மாரியில் வான்கதவு திறக்கும்போது அந்த இரைச்சல் நெஞ்சுக்குள் கேட்கும். 2018 டிசம்பரில் அப்படித் திறந்த வெள்ளத்தில் கீழ்ப் பகுதிகள் மூழ்கின. முறிப்பு என்ற சொல் எங்கிருந்து வந்ததென்று அன்றைக்கு இளம் பெடியளுக்கும் விளங்கியது.

கடைசியாக முறிகண்டி. சின்னப் பிள்ளையார் கோயில், வீதியோரம். ஆனால் ஏ9இல் ஓடுகிற எந்தச் சாரதியும் இங்கே நிறுத்தாமல் போக மாட்டான். சாரதி இறங்கி, செருப்பைக் கழற்றி, தேங்காயை இரண்டு தரம் நெற்றிக்கு நேரே பிடித்து, ஒரே அடி. சிதறிய சொட்டைப் பொறுக்க ஆட்டுக்குட்டி ஓடிவரும். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, திருநீற்றை ஸ்டியரிங்கிலும் ஒரு கோடு பூசிவிட்டு ஏறுவான். காடும் யானையும் மட்டும் இருந்த வீதியில் மாட்டுவண்டி கட்டிப் போன காலத்துப் பயம், இப்போது குளிரூட்டிய பஸ்ஸிலும் இறங்கிக் கும்பிடுகிறது. எதிரில் கச்சான் கடைகள். சூட்டு மணலில் வறுத்த கச்சான். பெண்கள்தான் பெரும்பாலும் விற்பார்கள், கூவிக் கூப்பிடுவார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

இனி அம்மம்மாவின் முறிப்பு. வன்னியில் அந்தப் பெயரில் பல இடங்கள். நீங்கள் போகிற வழியில் கரிப்பட்டமுறிப்பு. மேற்கே மாந்தைப் பக்கம் மூன்றுமுறிப்பு. தண்ணீரூற்றுக்குக் கிட்ட, முன்னொட்டு ஒன்றும் இல்லாமல் வெறும் முறிப்பு என்றே ஓர் ஊர். அவ "முறிப்பு" என்று மட்டும் சொன்னது மறதியால் இல்லாமலும் இருக்கலாம். அதுவே முழுப்பெயராக இருக்கலாம். என் மனம் அங்கேதான் சாய்கிறது. ஆனால் மாமியிடம் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். அம்மம்மா சின்ன வயதில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போனதாகச் சொல்லியிருக்கிறாவா, வண்டியில் போனதாகவா? நடந்தென்றால் தண்ணீரூற்றுப் பக்கத்து முறிப்பு. யாழ்ப்பாணம் போக ரயில் ஏறியது எந்த ஸ்டேஷனில்? மாங்குளத்துக்கு மாட்டுவண்டியில் வந்து ஏறியதாகச் சொன்னால் கரிப்பட்டமுறிப்பு. மூன்றாவதாக, குளக்கட்டில் என்ன சாமி இருந்தது என்று சொல்லியிருக்கிறாவா? பிள்ளையாரா, ஐயனாரா? அது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். எந்தக் குளத்தின் கட்டில் எந்தச் சாமி என்பது எனக்குத் தெரியும், அந்தக் கட்டுகளில் நடந்துதான் எனக்குச் சம்பளம் வந்தது.